வேலியோரத்து வில்வம்

மே 3

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று மற்றவர்கள் யோசிக்கலாம். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் பேரப்பிள்ளைகளை எழுதினாலே பக்கம் போதாது.

மூத்தவள் மகள் செண்பகவல்லி கோயமுத்தூரில் வக்கீலுக்குப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். அவள் பேசிய முதல் கேஸிலேயே எதிர்க்கட்சி வக்கீல் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். இந்த டைரி அவள் கொடுத்ததுதான். "ஆச்சி, அமெரிக்காவுல ஒனக்குப் பேச்சுக்கு ஆள் கிடைக்காது, எழுது" என்றாள். அவள் தம்பி இலஞ்சிக்குமரன் மாவட்டக் கபடியில் கோப்பை வாங்கினான். பல் ஒன்று போனது, ஆனால் கோப்பை பெரிது. இரண்டாமவள் மகன் திருமலை பரீட்சை எழுதி ரயில்வேயில் சேர்ந்திருக்கிறான். அவன் சேர்ந்த பிறகு அந்தப் பக்கம் எந்த ரயிலும் தடம் புரளவில்லை. அவன் தங்கை சொர்ணம் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. அது என் ரத்தம். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தாமல் இருந்தால் எனக்கும் யாராவது போட்டி வைத்திருப்பார்கள்.

இப்போது கடைக்குட்டி மகன் குற்றாலநாதன் வீட்டில், நியூ ஜெர்சியில், ஐந்தாவது பேரப்பிள்ளை வரப் போகிறது. மருமகள் வகுளாவுக்கு அடுத்த மாதம் நாள். பிறந்த பிள்ளையை மடியில் வாங்கி, நெற்றியில் தென்காசி விபூதியை என் கையால் பூச வேண்டும். மற்ற நாலு பேருக்கும் நான்தான் பூசினேன். பூசியதால்தான் மேலே எழுதியது எல்லாம் நடந்தது. அதற்காகத்தான் காலை மடக்கிக்கொண்டு விமானத்தில் கிடந்து வந்தேன். அமெரிக்காவைப் பார்க்க வரவில்லை.

மே 4

மே மாதத்தில் ஸ்வெட்டர். ஆபீசில் என் மகன் பெயரை 'நேட்' என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். குற்றாலத்தில் சீசன் இல்லாத நாளில்கூட அருவி இவ்வளவு வற்றியதில்லை.

மே 7

வகுளாவின் அம்மா கோமளவல்லி திருவல்லிக்கேணியிலிருந்து வந்து இறங்கினார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரனிடமே இங்கிலீஷில் சண்டை போட்டுப் பெட்டியை வாங்கி வந்திருக்கிறார். நெற்றியில் கோடு கிழித்தது போலச் சிவப்பாக ஸ்ரீசூர்ணம்.

மரியாதைக்கு விபூதிச் சம்புடத்தை நீட்டினேன்.

"எங்காத்துல வழக்கமில்லை சம்பந்தி. தப்பா நெனச்சுக்காதேங்கோ."

"அதுல என்ன இருக்கு, சம்பந்தியம்மா" என்றேன்.

தப்பாகத்தான் நினைத்தேன்.

மே 11

இன்றைக்கு என் மனசு நிறைந்த நாள். கொல்லையில், வேலியோரத்தில், ஒரு பெரிய மரம். அதன் தண்டைச் சுற்றி முடி முளைத்த கயிறு மாதிரி ஒன்று ஏறியிருக்கிறது. அதில் பளபளவென்று தளிர். கிட்டப் போய்ப் பார்த்தேன். காம்புக்கு மூன்று இலை. நடு இலைக்குக் காம்பு கொஞ்சம் நீளம். வில்வம்!

முள் இல்லை. இந்த ஊரில் முள் வைக்க முனிசிபாலிட்டியில் விட மாட்டார்கள் போல. வாசனையும் இல்லை. இங்கே மல்லித்தழைக்கே வாசனை இல்லை, வில்வத்தைக் குறை சொல்வானேன். சிவன் என் பின்னாலேயே வந்துவிட்டார், அவ்வளவுதான். கோமளவல்லியம்மாவின் பெருமாள் வந்ததாகத் தெரியவில்லை.

மே 12

காலையில் குளித்துவிட்டுப் பறிக்கப் போனேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "நோ நோ நோ" என்று கத்தினார். பெயர் வின்னியாம். தனிக்கட்டை. கத்தியதோடு நிற்கவில்லை, குரங்கு மாதிரி இரண்டு கையையும் சொறிந்து காட்டினார். என்னைக் குரங்கு என்கிறார். நாலு இலை பறித்ததற்கு இந்தக் கஞ்சத்தனம். மரம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.

பிறகு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு மனசு இளகியது. மூவிலை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. நானும் மூன்று விரலைக் காட்டி, அதை நெற்றியில் இழுத்துக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனார். பக்தி.

மே 14

வின்னி வேலியில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறார். மூன்று இலையை வரைந்து அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஐந்தாம் வகுப்பில் பெருக்கல் நன்றாகவே போடுவேன். இலை பெருகட்டும் என்கிறார், வேறென்ன. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டில் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. காலையில் பறித்து, காம்பு கிள்ளி, சமையலறை ஓரத்தில் இருக்கும் சாமிக்குச் சாத்தி, அதே கையோடு சம்புடத்தில் விரலை விட்டு விபூதி எடுத்து எல்லாருக்கும் பூசுகிறேன். நடுவில் கை கழுவுவதில்லை. கழுவினால் வில்வத்தின் சத்து போய்விடும்.

குற்றாலம் குனிந்து வாங்கிக்கொள்வான். கோமளவல்லியம்மா அந்த நேரம் பார்த்துக் காபி டம்ளரோடு மாடிக்குப் போய்விடுவார். வகுளா வாங்கிக்கொள்கிறாள். வாங்கியதும் நேரே குளியலறை. தண்ணீர்ச் சத்தம். சோப்பு வாசனையோடு, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி நெற்றியோடு வெளியே வருகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

மே 16

குற்றாலத்தின் நெற்றியில் மூன்று கோடு சிவந்து எழும்பியிருக்கிறது. நான் இழுத்த பட்டை அப்படியே, அளவு பிசகாமல், தோலில் வந்திருக்கிறது. சிவபெருமானே கைப்பட எழுதியது போல. எனக்குப் புல்லரித்தது. அவனுக்கு வேறு மாதிரி அரிக்கிறது.

மே 17

டாக்டர் போனில் முகம் பார்த்தே வைத்தியம் சொல்கிறார். காடு மேடு ஏதாவது போனீர்களா, செடி கொடி தொட்டீர்களா என்று கேட்டாராம்.

"நான் வாசப்படியத் தாண்டியே ரெண்டு வாரம் ஆச்சு டாக்டர்" என்று சொல்லியிருக்கிறான். உண்மைதான். பாவம், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால். ஏதோ ஒவ்வாமை என்று பூசு மருந்து கொடுத்தார்கள். நெற்றி முழுக்க இளஞ்சிவப்பில் பூசிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறான். கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

நான் விபூதியைக் கூட்டிப் பூசினேன். மருந்தோடு இதுவும் சேர்ந்தால்தானே கேட்கும்.

மே 20

சோமவாரப் பிரதோஷம். பை நிறைய வில்வத்தோடு இங்குள்ள கோயிலுக்குப் போனோம். குருக்கள் மாயவரத்துப் பையன். ஒரு கொத்தை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

"பாட்டி, இதுல வாசனையே இல்லையே. முள்ளையும் காணோம். இது வில்வம்தானா?"

"சாமி, ஒங்களுக்கு எத்தனை வயசு?"

"இருபத்தாறு."

"நான் வில்வம் பறிச்ச காலத்துல ஒங்க அப்பாவே பொறக்கலை."

வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் சாமிக்குச் சாத்தவில்லை. ஓரத்தில் வைத்ததை நான் பார்த்தேன். படித்துவிட்டால் இப்படித்தான் சந்தேகம் வரும்.

மே 23

அரிப்பு குற்றாலத்தின் கழுத்துக்கும் கைக்கும் இறங்கிவிட்டது. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கத்தரிக்காய்.

கோமளவல்லியம்மா வந்த நாளிலிருந்து கத்தரிக்காய் ரசவாங்கி, கத்தரிக்காய் பொரிச்ச கூட்டு, கத்தரிக்காய் துவையல். மகளுக்குப் பிடிக்குமாம். நேராகவே கேட்டுவிட்டேன்.

"சம்பந்தியம்மா, சொறி பிடிச்சவனுக்குக் கத்தரிக்கா போடலாமா? எங்க ஊர்ல மாட்டுக்குக்கூடப் போட மாட்டாங்க."

"எங்காத்துல நாப்பது வருஷமா சாப்பிடறோம். ஒருத்தரும் சொறிஞ்சுக்கலை."

"ஒங்க வீட்டுத் தோல் தடிப்பமா இருக்கும்."

"இருக்கலாம். சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன். மாப்பிள்ளைக்கு முதல்ல வந்தது நெத்தியில. கத்தரிக்கா நெத்தி வழியாவா உள்ள போறது? அந்த விபூதியக் கொஞ்சம் பாருங்கோளேன்."

விபூதி காசிவிஸ்வநாதர் கோயிலில் வாங்கியது. அதைக் குறை சொன்ன வாய்க்கு இன்று ராத்திரி உப்புமாவில் உப்புப் போடவில்லை.

மே 25

வயிற்றுப் பிள்ளைக்கு இப்போதே கொஞ்சம் காப்பு இருக்கட்டும் என்று, வகுளாவின் வயிற்றில் விபூதி பூசப் போனேன். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம் அத்தை. பிறந்தப்புறம் பூசுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நிசமா?"

"நிஜமா. உங்க மடியிலயே போடறேன், நீங்களே பூசுங்க."

முகத்தில் நீர் கோத்து, கால் வீங்கி, பாவம் நிற்கவே முடியாமல் நின்றுகொண்டு சொன்னாள். நெற்றியைக் கழுவுகிறாள் என்ற கோபத்தை இன்றோடு விட்டுவிட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டாள் அல்லவா.

மே 28

கோயில் குருக்களுக்கு மூக்கு வீங்கி லீவாம். அவர் வீட்டிலும் கத்தரிக்காயோ என்னவோ.

எனக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை பச்சைப்பிள்ளை கன்னம் மாதிரி இருக்கிறது. சுத்தபத்தமாக இருப்பவர்களுக்கு எதுவும் அண்டாது.

மே 30

குற்றாலத்தின் கையில் இன்று நீர்க்கொப்புளம். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் மலையடிவாரத்தில் சேங்கொட்டைப் பால் பட்டால் இப்படித்தான் கோடு கோடாக வீங்கி நீர் கோக்கும். மரத்தடியில் நடந்தாலே சிலருக்கு வந்துவிடும். ஆனால் நியூ ஜெர்சியில் சேங்கொட்டைக்கு எங்கே போவது? அதுதான் எனக்குப் புரியவில்லை.

வைத்தியம் மட்டும் தெரியும். அதற்குத் தான்றி மரத்தை மூன்று தரம் சுற்றிக் கும்பிட வேண்டும். சேங்கொட்டை கொடுத்ததைத் தான்றி வாங்கிக்கொள்ளும். இங்கே தான்றி இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய மரம் நம் கொல்லையிலேயே நிற்கிறதே!

சாயங்காலம் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"எம்மா, ஆபீஸ் கால் இருக்கும்மா."

"ஏலே, சொறிஞ்சுக்கிட்டே பேசுததுக்கு அவன் சம்பளம் தாரானா? வால. மூணே சுத்து."

முதல் சுற்றில் முணுமுணுத்தான். இரண்டாவது சுற்றில் "நல்லாத்தான் காத்து வருது" என்றான். மூன்றாவது சுற்று முடிந்ததும் மரத்தைக் கட்டிப் பிடித்து, நெற்றியையும் கண்ணையும் அந்த இலையில் ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். ஒற்றினான். எத்தனை படித்தாலும் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை.

வேலிக்கு அந்தப் பக்கம் வின்னி. கையில் இருந்த தண்ணீர்க் குழாய் தன் செருப்பில் பீய்ச்சுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ கத்திக்கொண்டே ஓடி வந்தார், வேலி தடுத்துவிட்டது. கும்பிட ஆசையாக இருக்கும்.

ஜூன் 1

குற்றாலத்துக்குக் கண் திறக்கவில்லை. இரண்டு கண்ணும் வீங்கிப் பணியாரம் மாதிரி மூடிவிட்டது.

ஜூன் 2

காலையில் வகுளாவுக்கு வலி வந்துவிட்டது. டாக்டர் குறித்த நாளுக்கு முன்னாலேயே. கார் வாசலில் நிற்கிறது, ஓட்ட வேண்டியவனுக்குக் கண் இல்லை. கோமளவல்லியம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று நானும் குற்றாலமும் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா மட்டும் வாசலில் இறங்கி ஓடினார். மடிசார் கட்டாத குறைதான், அப்படி ஒரு ஓட்டம். வின்னியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வின்னி சமையலறைக்குள் வந்தார். சாமிக்குச் சாத்தியிருந்த இலையைப் பார்த்தார். குற்றாலத்தின் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பிரசவ வலிக்காரி வலியை மறந்து நிமிர்ந்தாள்.

கோமளவல்லியம்மாவின் முகம் மாறியது.

"சம்பந்தி, அது வில்வம் இல்லையாம். பாய்சன் ஐவியாம். தொட்டாலே உடம்பெல்லாம் வெந்து போயிடுமாம். மூணு வாரமா அவர் உங்ககிட்டக் கத்திண்டிருக்காராம்."

பாய்சன் என்றால் எனக்குத் தெரியும். எலி மருந்து டப்பாவில் எழுதியிருக்கும்.

"எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றேன்.

"சில பேருக்கு ஒட்டாதாம். ஆனா உங்க கைலேருந்து மத்தவாளுக்கு ஒட்டுமாம். அந்த விபூதி, டப்பா, உங்க புடவைத் தலைப்பு, எல்லாத்துலயும் அந்த எண்ணெய் இருக்காம்."

குற்றாலம் கண்ணை மூடியபடி என் பக்கம் திரும்பினான். எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் பொறுக்கவில்லை. திட்டியிருக்கலாம்.

வகுளாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக எழுந்தேன். வின்னி குறுக்கே கையை நீட்டிவிட்டார். வகுளா என்னைப் பார்த்து, "அத்தை, நீங்க..." என்றாள். மீதியை வலி முழுங்கிவிட்டது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வின்னி காரை ஓட்டிப் போய்விட்டார்.

நான் போகவில்லை. வீட்டுக்கும் ஒரு ஆள் வேண்டுமே.

ஜூன் 2, மத்தியானம்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். கோமளவல்லியம்மாதான் போனில் சொன்னார். முதலில் யார் கையில் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வகுளாவின் நெற்றியில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று டாக்டரிடம் கேட்டார்களாம். பட்ட சூட்டோடு சோப்புப் போட்டுக் கழுவினால் பாதிக்கு மேல் தப்பித்துவிடலாமாம். ஒவ்வொரு நாளும் என் விபூதியை அவள் கழுவிக்கொண்டே இருந்தது நல்லதாயிற்று. கழுவியதற்காக நான் அவளை என்னவெல்லாம் நினைத்தேன் என்பது இந்த டைரியில் கொஞ்சம்தான் இருக்கிறது.

ஜூன் 3

வீடு தூசியாக இருந்ததால் எல்லாவற்றையும் கழுவினேன். கதவுப் பிடி, குழாய்ப் பிடி, நாற்காலி, சாமி, சம்புடம். பாத்திரம் தேய்க்கும் சோப்பில்தான் அந்த எண்ணெய் போகுமாம், சும்மா தண்ணீர் விட்டால் பரவுமாம். கொல்லைக்குக் கட்டிப் போன புடவைகளைத் தனியாக இரண்டு தரம் போட்டேன். விபூதியைக் கொட்டப் போகும்போது மட்டும் கை வரவில்லை. சாமியிடம் சொல்லிவிட்டுப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அவரும் சொன்னால் கேட்கிறவர்தான், முன்னாலேயே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அது வில்வம் இல்லை என்று எனக்கே முதலிலிருந்து ஒரு சந்தேகம் இருந்தது. முள் இல்லையே.

ஜூன் 4

வின்னி முழுக்கைச் சட்டை, பூட்ஸ், முழங்கை வரை மஞ்சள் ரப்பர் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு ஜோடி உறை. இரண்டு பேரும் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கினோம். அவர் இங்கிலீஷில் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். இரண்டு பேரும் ஒரே கொடியைத்தான் திட்டினோம் என்று நினைக்கிறேன்.

குவித்து வைத்ததும் தீப்பெட்டியை எடுத்தேன். என் பிள்ளையின் கண்ணை மூடிய சனியனைச் சாம்பலாக்காமல் விடுவேனா? வின்னி தீப்பெட்டியைத் தட்டிவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருமி, நாக்கைத் தள்ளி, செத்தவர் மாதிரி புல்லில் சாய்ந்து காட்டினார். எரித்தால் புகை உள்ளே போய் நெஞ்சு வெந்துவிடும். இந்த முறை எல்லாம் விளங்கியது. மனுஷன் முதல் நாளே இவ்வளவு நன்றாக நடித்திருந்தால் என்ன?

பையில் அடைத்துக் குப்பையில் போட்டோம். மண்வெட்டிப் பிடியையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 5

பாப்பா வீட்டுக்கு வந்தது. வாசலில் நான்தான் ஆரத்தி எடுத்தேன். மஞ்சள் உறையைப் போட்டுக்கொண்டே எடுத்தேன். யாரும் போடச் சொல்லவில்லை, கழற்றவும் சொல்லவில்லை. குற்றாலத்துக்கு மாத்திரையில் ஒரு கண் திறந்துவிட்டது. அந்த ஒற்றைக் கண்ணால் எங்களைப் போட்டோ எடுத்தான்.

பாப்பாவின் துணிப் பொதிக்குள் ஒரு மூக்கு மட்டும்தான் தெரிந்தது. எங்கள் வீட்டு மூக்கு.

ஜூன் 7

பாப்பா பால் குடிக்கிறது.

பாப்பா தூங்குகிறது.

பாப்பாவுக்கு இப்போதுதான் துணி மாற்றினோம், கொஞ்சம் நேரம் போகட்டும் அத்தை.

பாப்பா விழித்துக்கொண்டிருக்கிறது. அதனால் தூங்க வைக்க வேண்டும்.

ஒருத்தரும் 'தொடாதே' என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த குடும்பம். நான் அடுக்களையில் நின்று கை கழுவுகிறேன். விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. நாலு பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தொட்டிலில் போட்ட கை இது. இதைப் பார்த்தால் இப்போது ஒரு வீட்டுக்கே பயம்.

வகுளா முந்திக் கொடுத்த வாக்கைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவளாக ஞாபகம் வந்தால் வரட்டும்.

ஜூன் 8

கேட்க மாட்டேன்.

ஜூன் 9

மத்தியானம் வகுளாவும் பாப்பாவும் மாடியில் தூங்கினார்கள். குற்றாலம் கம்ப்யூட்டர் முன்னால். நான் குழாயடியில். கோமளவல்லியம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"எத்தனை தரம் அலம்புவேள்? கையில ரேகையே இருக்காது போலிருக்கே."

"அழுக்கு இருந்தது."

"சம்பந்தி, டாக்டர் சொல்லிட்டார். எண்ணெய் போயிட்டா ஒண்ணுமே இல்லை, தாராளமாத் தூக்கலாம்னார். வகுளாவும் மாப்பிள்ளையும்தான் பயந்துண்டிருக்கா. வாயால சொன்னாப் பயம் போகாது."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீய?"

"வேற விபூதி இருக்கா உங்ககிட்ட?"

பெட்டி அடியில், உறை பிரிக்காத பொட்டலம் ஒன்று இருந்தது. கொண்டு வந்தேன். அந்த அம்மா ஸ்ரீசூர்ணத்தை ஈரத் துணியால் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றியை நிமிர்த்திக் காட்டினார்.

"இட்டு விடுங்கோ. உறை இல்லாம, வெறும் கையால. நன்னா அழுத்தி."

பொட்டலத்தைப் பிரித்து, கழுவி வைத்திருந்த சம்புடத்தில் கொட்டினேன்.

"ஒங்களுக்கா? ஒங்க வீட்ல வழக்கமில்லையே."

"வழக்கமில்லைதான். பெருமாளுக்கு இன்னும் விசா வரலை, அவர் பார்க்க மாட்டார். இந்தாத்துல இதுவரைக்கும் அது படாத நெத்தி என்னோடதுதான். மூணு நாள் பார்ப்போம். ஒண்ணும் வரலைன்னா நானே குழந்தையைக் கொண்டுவந்து உங்க மடியில போடறேன். எவன் தடுக்கறான் பார்க்கறேன்."

"வந்துட்டுன்னா?"

"வந்துட்டா பெரிசா நாமம் போட்டு மறைச்சுக்கறேன். பேசாம இடுங்கோ, காபி ஆறறது."

மூன்று விரலால் இழுத்தேன். பேங்க் மேனேஜர் நெற்றி, அகலமான நெற்றி. பட்டை நன்றாக உட்கார்ந்தது. முதல் கோட்டில் அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது.

கத்தரிக்காய் பற்றி நான் சொன்னதெல்லாம் கொஞ்சம் அதிகப்படிதான்.

ஜூன் 10

விடிந்ததும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க மாடிப்படியில் காத்திருந்தேன். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. என் உயிர் பாதி போய்விட்டது.

"ஸ்ரீசூர்ணம்தான், சம்பந்தி" என்றார். "பழக்க தோஷம்."

துடைத்துக் காட்டச் சொன்னேன். வெறும் தோல். மறுபடியும் விபூதி இட்டேன்.

ஜூன் 11

சாப்பிடும்போது அந்த அம்மா நெற்றியைச் சொறிந்தார். குற்றாலமும் வகுளாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"கொசு" என்றார் கோமளவல்லியம்மா. "கொசு கடிச்சாக்கூட சொறியக் கூடாதா இந்தாத்துல?"

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். முழுங்கவில்லை.

ஜூன் 12

நெற்றி சுத்தமாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நான் பார்த்தேன், குற்றாலம் பார்த்தான், வகுளா பார்த்தாள். வின்னிகூட வேலியோரமாக நின்று கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

வகுளாதான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அம்மாவிடம் கொடுக்கவில்லை. அவளே நேராக வந்து, குனிந்து, என் மடியில் போட்டாள்.

"சொன்னேன்ல அத்தை" என்றாள்.

பாப்பா கனமே இல்லை. காலைத் தூக்கி என் மணிக்கட்டில் ஒரு உதை விட்டது. கபடிக்கு ஆகும். விபூதிச் சம்புடம் பக்கத்திலேயே இருந்தது. எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூச்சுக்கூட விடாமல். கோமளவல்லியம்மா மட்டும் கூரையைப் பார்த்தார்.

அந்த நெற்றியைத் தடவிப் பார்த்தேன். உரித்த நுங்கு மாதிரி இருக்கிறது. அதில் எதைப் பூசினாலும் பாவம். சம்புடத்தை மூடினேன்.

"இப்ப வேண்டாம். வளந்து அவளே கேக்கட்டும், பூசுதேன்" என்றேன்.

"நாமமும் அப்படித்தான், அவளே கேக்கட்டும்" என்றார் கோமளவல்லியம்மா, கூரையிலிருந்து கண்ணை இறக்காமல்.

நாலு பேருக்குப் பூசியும் ஒன்றுக்குப் பல் போயிற்று. இவள் பூசாமலே வக்கீல் ஆவாள், இல்லையென்றால் பேங்க் மேனேஜர் ஆகட்டும். அந்த வேலையிலும் நல்ல ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அன்றைக்கு வாசலில் எடுத்த போட்டோவைக் குற்றாலம் போனில் எல்லாருக்கும் அனுப்பித் தொலைத்திருக்கிறான். தென்காசி முழுக்கச் சுற்றிவிட்டதாம். முழங்கை வரை மஞ்சள் உறையோடு ஆரத்தி எடுக்கிறேன். "ஆச்சி அங்க மீன்கடை வச்சிருக்காளா?" என்று இலஞ்சிக்குமரன் கேட்டானாம். செண்பகம் சிரிப்புப் பொம்மை அனுப்பியிருக்கிறாள். என் தங்கை அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறேன் என்கிறாள். அவள் செய்வாள்.

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே கூப்பிட்டேன்.

"ஏலே குத்தாலம், அந்தப் படத்த அழி. இப்பவே புதுசா ஒண்ணு எடு. போன்ல அனுப்பாத, காயிதத்துல போட்டுத் தபால்ல அனுப்பு, சித்தி அதச் சொவத்துல மாட்டட்டும். பாப்பா என் மடியில இருக்கணும். சம்பந்தியம்மா பக்கத்துல இருக்கணும். என் ரெண்டு கையும் நல்லாத் தெரியணும்."